கழுவி வைக்காதீர்கள், காளான் தாங்காது

பொள்ளாச்சிப் பக்கம் ஓலைக் கொட்டகையில் சிப்பிக் காளானும் பால் காளானும் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் நான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது, "நேற்றுக் கொடுத்தது இன்றைக்கே வழவழ என்றாகிவிட்டதே அக்கா" என்ற பேச்சுதான். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதை: வீட்டுக்குப் போனதும் கழுவி, ஈரத்தோடு டப்பாவில் போட்டு, இறுக மூடியிருப்பார்கள்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறித்த பிறகும் அது மூச்சு விடும், ஈரத்தையும் வெளியே விடும். அந்த ஈரம் போக வழியில்லாமல் மேலேயே படிந்தால் வழவழப்புதான். பாக்கெட்டில் நாங்கள் துளை போடுவது அதற்காகத்தான். ஒரு கடைக்காரர் சரியாக அந்தத் துளைகளின் மேலேயே விலைச் சீட்டை ஒட்டி வைத்திருந்தார். என்னத்தைச் சொல்ல!

வாங்கியதும் பாக்கெட்டைப் பிரித்துவிடுங்கள். வைக்கோல் துணுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும். பழுப்புக் காகிதப் பையில் பாதியளவுக்குப் போட்டு, வாயைத் தளர்வாக மடித்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். காகிதம் நமுத்துப்போனால் மாற்றுங்கள். பூண்டு, கருவாடு பக்கத்தில் வைத்தால் அந்த வாசனை காளானில் ஏறிவிடும். அப்புறம் கிரேவியில் என்ன மசாலா போட்டும் பயனில்லை. இப்படி வைத்தால் சிப்பி மூன்று நாள், பால் காளான் ஐந்து நாள் தாங்கும். கழுவுவது சமைக்கும்போதுதான், அதுவும் குழாயடியில் ஒரு முறை காட்டி எடுத்தால் போதும்.

ஃப்ரீசரில் பச்சையாகப் போடாதீர்கள். வெளியே எடுத்தால் சவசவ என்றாகிவிடும். எண்ணெய் இல்லாமல் வாணலியில் அது விட்ட தண்ணீர் அதிலேயே சுண்டும்வரை வதக்கி, ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் போடுங்கள். சமைக்கும்போது உருக விடாமல் அப்படியே வாணலியில் கொட்டலாம்.

எனக்குப் பிடித்தது காயவைப்பது. விற்காத சிப்பிக் காளானை நார் நாராகக் கிழித்து, வேட்டித் துணியில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுவேன். ஒடித்தால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில். ஒரு கிலோ நூறு கிராமாகச் சுருங்கிவிடும், ஆனால் வாசனை இரட்டிப்பாகும். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து வத்தக்குழம்பில் போட்டால், எங்கள் மாமியார் கறியைக் கேட்கமாட்டார். ஊறிய தண்ணீரை வடிகட்டிக் குழம்பிலேயே ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. காம்படியில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறார்கள். அது பெரும்பாலும் காளானின் சொந்த இழைதான், துடைத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சையாகவோ கருப்பாகவோ படர்ந்தால், பிசுபிசுத்தால், கெட்ட வாடை அடித்தால் யோசிக்காமல் எருக்குழியில் போடுங்கள்.