பறவையைத் துரத்த வேண்டாம், அது திரும்பி வரும் கொம்பைப் பிடியுங்கள்

கேமரா வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது பறவைப் படம் எடுக்க எங்கே போகலாம் என்றுதான். வேடந்தாங்கலா, கேரளத்துத் தட்டேக்காடா, கையில் பணம் இருந்தால் ராஜஸ்தானின் பரத்பூரா. தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இதைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் சீசன் முழுக்க எங்கேயும் போகாதீர்கள், வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு ஏரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. பறவைப் படத்தில் பாதிக்கு மேல், அந்தப் பறவை அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான். அது தினமும் பார்க்கிற மீன்கொத்தியிடம் பழகும், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் இரண்டு நாள் தங்கினால் பழகாது.

இடத்துக்குக் குறைவில்லை. தர்மபுரியில் ராமக்கால் ஏரி, கிருஷ்ணகிரியில் அணையும் அதன் பின்பக்கத் தண்ணீரும், போச்சம்பள்ளிப் பக்கம் பாரூர் ஏரி, ஓசூர்க்காரர்களுக்கு ஊருக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரி, கொஞ்சம் தள்ளி கெலவரப்பள்ளி அணை. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், நத்தைகொத்தி நாரை எல்லாம் இந்த மாதிரித் தண்ணீரில் சாதாரணமாகக் கிடைக்கும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரே வேண்டாம் என்றால் புளியமரச் சாலைகள் இருக்கின்றன, பழைய மரங்களின் பொந்துகளில் புள்ளி ஆந்தை இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் இலை உதிர்ந்து பூத்து நிற்கும் இலவ மரம் ஒன்று கண்ணில் பட்டால் அந்த வாரம் வேறெங்கும் போகத் தேவையில்லை. மைனா, கரிச்சான், தேன்சிட்டு என்று அத்தனையும் அங்கே வந்துபோகும், மறைக்க இலையும் கிடையாது.

சரி, இப்போது கொம்பு விஷயம். பச்சைப் பஞ்சுருட்டானைக் கவனியுங்கள். வேலியிலிருந்து கிளம்பும், காற்றில் ஒரு தட்டான் பூச்சியையோ தேனீயையோ பிடிக்கும், பெரும்பாலும் கிளம்பிய அதே இடத்துக்கே திரும்பி வந்து பூச்சியைக் கொம்பில் அடித்துக் கொன்றுவிட்டு விழுங்கும். கரிச்சானும் இப்படித்தான், மீன்கொத்தியும் ஏறக்குறைய இப்படித்தான். பனங்காடைக்கு நம் பக்கத்துக் கொல்லைகளில் நட்டிருக்கும் கல்லுக்கால் வேலி என்றால் தனிப் பிரியம், மின்கம்பியில் உட்கார்ந்ததை எடுப்பதைவிடக் கல்லுக்கால் மேல் உட்கார்ந்ததை எடுத்தால் படத்தில் ஊரும் தெரியும். ஆகவே பறந்துபோன பறவையின் பின்னால் ஓடாமல், அது விட்டுப்போன கொம்புக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு அசையாமல் உட்காருங்கள். நீங்கள் நடந்து கிட்டப் போனால் எழுந்து போகிற அதே பறவை, நீங்கள் முன்பே உட்கார்ந்திருந்தால் தானாகவே பக்கத்தில் வந்து அமரும். கிளம்புவதற்கு முன்னால் பெரும்பாலும் உடம்பை முன்னே சாய்க்கும், பல நேரம் எச்சமும் போடும். அதைப் பார்த்ததும் விரலை அழுத்திவிட வேண்டும், சிறகு விரிந்த பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வெயில் முதுகில் படும்படி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான், அதனால் காற்றும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் பறவை உங்களைப் பார்த்து வந்து இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் நமக்கு இது தானாகவே அமைந்துவிடுகிறது. காலையில் வெயிலும் கிழக்கே, காற்றும் பெரும்பாலும் அதே பக்கத்திலிருந்து. ஏரியின் கிழக்குக் கரையில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் போதும். ஆடி மாதம் காற்று மேற்கிலிருந்து தூக்கிக்கொண்டு அடிக்கும்போது காலையில் அதே இடத்தில் உட்கார்ந்தால் பறவைகளின் முதுகுதான் கிடைக்கும், அப்போதெல்லாம் சாயங்காலம் மேற்குக் கரைக்கு மாறிவிடுங்கள்.

காலை நேரம் என்றால் விடிந்ததிலிருந்து எட்டரை வரை. கிருஷ்ணகிரி மாதிரிப் பாறைக் குன்று ஊரில் ஒன்பது மணிக்கு மேல் கல் சூடேறி அனல் கிளம்ப ஆரம்பித்துவிடும். தூரத்துப் பறவையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸில் எடுத்தாலும் படம் நெளிந்து மங்கலாகத்தான் வரும், அது ஃபோகஸ் கோளாறு இல்லை. லென்ஸைச் சர்வீசுக்கு அனுப்புவதற்கு முன் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

கேமராவில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. மேனுவல் மோடில் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, லென்ஸ் கொடுக்கிற அளவுக்குத் திறந்து, வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைக்கு 1/1000 விநாடி, பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல், பொந்தில் தூங்கும் ஆந்தைக்குக் கேமராவை எதன் மேலாவது ஊன்றிக்கொண்டால் 1/200 தாராளம். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் மோடில் இருக்கட்டும், ஃபோகஸ் புள்ளி பறவையின் கண்ணில் விழ வேண்டும், கண் மங்கினால் மற்றதெல்லாம் தெளிவாக இருந்தும் பிரயோஜனமில்லை. வெள்ளைக் கொக்கு வெயிலில் நின்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு வரை, குறையுங்கள், இல்லையென்றால் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கரிச்சான் வானத்தின் பின்னணியில் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வாலாட்டி, உள்ளான் மாதிரித் தரையில் நடப்பவைக்கு நீங்களும் தரையில் படுத்துவிடுவதுதான் வழி, சட்டை அழுக்காகும், வீட்டில் திட்டு விழும், படம் வேறு மாதிரி வரும்.

லென்ஸ் பற்றிக் கேட்டால், பழைய 70-300 எம்எம் லென்ஸ் ஒன்று கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னச் சென்சார்) கேமராவில் கிட்டத்தட்ட 450 எம்எம்முக்குச் சமம், பழகுவதற்கு அது போதும். அடுத்த கட்டம் 150-600. லென்ஸ் மாற்றும் தொல்லையே வேண்டாம் என்றால் நிக்கான் பி950 மாதிரி ஒன்று, 83 மடங்கு ஜூம், 2000 எம்எம்முக்குச் சமமான எட்டல், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்த பறவைக்கு அருமையாக இருக்கும், பறக்கிறதையும் விடிகாலை இருட்டையும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஊர்ப்பக்கம் கொல்லையோரம் பெரிய லென்ஸோடு நின்றால் ‘சர்வே எடுக்கிறீங்களா சார்?’ என்று கேட்பார்கள். 2018இல் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்காக அளந்துகொண்டு போன மாவட்டங்கள் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும், கேட்காமல் எப்படி இருப்பார்கள்? கோபப்படாமல் கேமராவின் பின்திரையில் படத்தைக் காட்டுங்கள். ‘இதுவா அண்ணா, எங்க கிணத்து மேட்டுல தூக்கணாங்குருவிக் கூடே தொங்குது’ என்று அவர்களே கூட்டிப் போவார்கள். கூட்டைப் பார்த்ததும் மறைக்கிற ஓலையை ஒடிக்கும் வேலை மட்டும் கூடாது, நிழல் போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கைக்கும் வழி காட்டியது போலாகும். தள்ளி நின்று சில படம் எடுத்துவிட்டு வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. வெட்டவெளியில் ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் முட்டை காலடியில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம், வந்த தடத்திலேயே திரும்பிப் போங்கள்.

காட்டுப் பக்கம் வேறு கணக்கு. அஞ்செட்டி, ஒகேனக்கல், தளி, ஜவளகிரி என்று போனால் மஞ்சள்தொண்டைச் சின்னான் மாதிரித் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கே பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், ரோட்டை விட்டு இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும் பாதையும் அதுதான். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நிற்பது தெரியாது, தனியாகப் போகவே போகாதீர்கள். மொபைலில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம், எதிரி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் கைவந்த பிறகு தூரப் பயணம். நமக்குக் கிட்டத்தில் கர்நாடகத்தின் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ரங்கனதிட்டு பறவைச் சரணாலயம், பெங்களூரு வழியாகப் போய்விடலாம். படகில் உட்கார்ந்தபடியே மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கண் மட்டத்தில் கிடைக்கும், படகு ஆடும் என்பதால் ஷட்டர் வேகத்தைக் கூட்டி வையுங்கள், காலை முதல் படகைப் பிடியுங்கள். கேரளத்தின் தட்டேக்காட்டில் மரத்தடி இருட்டுதான் எதிரி, ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போனால் பயப்பட வேண்டாம், ஆடி மங்கிய படத்தைவிட மணல்மணலாகத் தெரியும் படம் மேல். பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் ஜனவரிக் காலைகளில் மூடுபனி கனமாக இறங்கும். பனி தானாகவே கேமராவின் வெளிச்ச மீட்டரை ஏமாற்றும், அரை ஸ்டாப்பிலிருந்து ஒன்று வரை கூட்டினால்தான் வெளிச்சம் சரியாக வரும். அங்கே சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே பறவைகளின் இருப்பிடத்தை நன்றாக அறிந்தவர்கள். எங்கே போனாலும் முதல் செலவு உள்ளூர் வழிகாட்டிக்கு இருக்கட்டும், உங்கள் ஊர் ஏரியில் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து நீங்கள் தெரிந்துகொண்டதை அந்த இடத்துக்கு அவர் தெரிந்து வைத்திருக்கிறார். அவரிடம் பறவைப் பட்டியலை நீட்டாமல், எந்தக் கிளைக்குத் திரும்ப வரும், எத்தனை மணிக்குத் தண்ணீருக்கு இறங்கும் என்று கேளுங்கள்.

விமானத்தில் போனால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், டிரைபாடைச் செக்-இன் பெட்டியில் போடுவது நல்லது. ஏசி அறையிலிருந்து ஈரமான வெளிக்காற்றுக்கு வரும்போது லென்ஸில் ஆவி படியும், பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறவுங்கள். மழைக்காட்டில் சுற்றிவிட்டு வந்தால் பையை அப்படியே அலமாரியில் தள்ளாதீர்கள், லென்ஸைத் துடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடுங்கள், பொட்டலம் நிறம் மாறினால் மாற்றுங்கள். பூஞ்சை உள்கண்ணாடியில் ஒருமுறை பிடித்துவிட்டால் சுத்தம் செய்ய ஆகும் செலவைப் பார்த்தால் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கிவிடலாம் போலத் தோன்றும்.