சங்குப்பூத் தாளில் அமோனியாவைக் கண்டுபிடிக்கலாம்

மண்டபம், பாம்பன் பக்கம் மீனை வைக்க ஐஸ் இல்லாமல் முடியாது. ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்ட அமோனியாதான் வழக்கம். அது கசிந்தால் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். லேசான கசிவு என்றால் கொஞ்ச நேரத்தில் மூக்கு வாடைக்குப் பழகிவிடும், அதுதான் எனக்குப் பயம். நிறம் மாறும் தாள் அப்படிப் பழகாது. நீலச் சங்குப்பூச் சாறு காரம் பட்டால் பச்சையாகும், அமோனியா கார வாயு. அதை வைத்து வீட்டிலேயே ஒரு தாள் செய்து பார்ப்போம்.

நீலச் சங்குப்பூ 20 பறித்துக்கொள்ளுங்கள். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, இதழ்களை அரை டம்ளர் சுடுநீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். கேன் தண்ணீராக இருக்கட்டும். நம் கரையோர போர் தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் சாறு தொடக்கத்திலேயே பச்சை தட்டிவிடும். எழுதும் தாளும் வேண்டாம், பலவற்றில் சுண்ணாம்புத்தூள் கலந்திருக்கும். ஆய்வகக் கடையில் கிடைக்கும் வடிதாள்தான் சரி.

சாற்றை வடிகட்டி, இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, தாளை நனைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் நிறம் வெளுக்கும். கிளிசரின் எதற்கென்றால், அமோனியா ஈரத்தில் கரைந்தால்தான் சாயத்தைத் தொடும், எலும்பாகக் காய்ந்த தாள் மந்தமாகவே மாறும். விரலகலத் துண்டுகளாக வெட்டி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள்.

அப்புறம் சோதனை. ஒரு துண்டு திருக்கை மீனைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தாளை மீனில் படாமல் மூடியில் ஒட்டித் தொங்கவிடுங்கள். திருக்கைச் சதையில் யூரியா உண்டு. கெடும்போது பாக்டீரியா அதை அமோனியாவாக்கும், பழைய திருக்கையின் அந்த மூத்திர வாடை அதுதான். பக்கத்தில் வெறும் பாட்டிலிலும் ஒரு தாள் தொங்கட்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? மறுநாள் பார்த்தபோது என் தாளில் மீனை நோக்கிய கீழ் ஓரம் முதலில் பச்சையாகியிருந்தது. மேல் பாதி இன்னும் நீலம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் குழு 36 சாயப் புள்ளிகளை ஒரு சிறு அட்டையில் வைத்து, எந்தெந்தப் புள்ளி எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு 19 நச்சு வாயுக்களைப் பிரித்தறிந்தது (2009). நம்மிடம் இருப்பது ஒரே சாயம், எந்தக் கார ஆவி பட்டாலும் பச்சையாகும். எட்டு மணி நேர வேலைக்கு அமோனியாவின் வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. அந்த அளவைத் தாண்டியதா என்று இந்தத் தாள் சொல்லாது. ஆகவே வேலைத்தளத்தில் கருவிக்குப் பதிலாக இதைத் தொங்கவிடாதீர்கள்.

சோதனை முடிந்த பாட்டிலைத் திறந்தவெளியில் திறந்து, மீனைப் புதைத்துவிடுங்கள். அதில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, அமோனியாவோடு சேர்ந்தால் வேறொரு நச்சுவாயு வரும். நிஜமாகவே எங்காவது கசிந்தால் ஈரத்துணியால் மூக்கு வாயை மூடி, காற்றுக்குக் குறுக்கே ஒதுங்கி வெளியேறி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.