தீ பட்ட மலையைப் படமெடுப்பது எப்படி

பங்குனியில் எரிந்த சரிவு, நாலு கோடை மழை விழுந்தால் வைகாசியில் பச்சை கட்டிவிடும். அதைப் பார்த்ததும் காடு பிழைத்துவிட்டது என்று கேமராவைத் தூக்காதீர்கள். வந்திருக்கும் பச்சை எது என்று முதலில் பாருங்கள். இந்த வகைப் படத்துக்கு லென்ஸைவிட அதுதான் முக்கியம்.

நான் கோபியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பம், மற்றபடி சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்து மலைகள். அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நான் ஆசையாக ஃபோகஸ் செய்துகொண்டிருந்த ஒரு பச்சைப் புதரைக் காட்டி, "இது உண்ணிங்க தம்பி. இது மூடிக்கிச்சுன்னா மானுக்கு மேய்ச்சலே இருக்காது" என்றார். உண்ணிச்செடி வெளியிலிருந்து வந்தது. தீக்குப் பிறகு வேரடியிலிருந்து சீக்கிரம் கிளம்பி, மரக்கன்றுகளுக்கு வரவேண்டிய வெயிலைப் பிடித்துக்கொள்ளும். அகன்ற காட்சியில் அதுவும் அழகான பச்சைதான். அதைக் காடு திரும்பியதன் அடையாளமாகச் சுவரில் மாட்டினால், பார்க்கிறவரை ஏமாற்றுகிறோம்.

பிறகு எதைத் தேடுவது? தேக்கைப் பாருங்கள். மேலே மொட்டையாக நிற்கும். அடியில் கரிந்த பட்டையை ஒட்டிப் புதுக் கிளை வெடித்திருக்கும். அந்த இலை, உச்சியில் வரும் இலையைவிடப் பெரிதாக இருக்கும். இளசில் செம்பு நிறம், கசக்கினால் விரலெல்லாம் சிவப்பு. அடுத்தது சீமாறுக்கு வெட்டும் மலை ஈச்சை. தண்டு முழுக்கக் கரி, நடுக்குருத்து மட்டும் உயிரோடு இருக்கும். தீயின்போது குருத்துக்குள் சுருண்டிருந்த ஓலை விரியும்போது, கருகிய நுனியோடேயே விரியும். ஒரே ஓலையில் பாதி பச்சை, பாதி தீ. மேக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதற்கு ஒரு காலைப்பொழுதையே கொடுக்கலாம்.

இன்னொன்று, முதல் மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டியது. விழுந்து கிடந்த மரம் முழுதாக எரிந்த இடத்தில், அதன் நீளத்துக்கு வெள்ளைச் சாம்பல் கோடு கிடக்கும். அடியில் மண் செங்கல் நிறத்துக்கு வெந்திருக்கும். ஒரு நல்ல மழை போதும், சாம்பல் கரைந்துவிடும்.

எங்கே நின்று எடுப்பது என்பதில் கறாராக இருங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம், புலிகள் காப்பகத்தில் டிரோன் பறக்கவிடுவதும் குற்றம். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். அனுமதி கிடைத்தாலும் காவலர் முன்னால் போகட்டும். தீக்குப் பின் வரும் இளம்புல்லுக்கு மான், காட்டெருமை, யானை எல்லாம் இறங்கும். எரிந்து நிற்கும் மரம் காற்றே இல்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும், அதனடியில் ட்ரைபாட் விரிக்காதீர்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் வண்டியை ஓரம் கட்டிப் படமெடுக்க வேண்டாம்.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு அடிவாரத் தோட்டங்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் கோவை மாவட்டம் ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலை பல நாள் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அந்த மாதிரிச் சரிவுகளைத் தோட்டத்து வரப்பிலிருந்தே 70-200 லென்ஸில் எடுக்கலாம். தோட்டத்துக்காரரிடம் "ஏனுங்க, அந்தப் பாறைக்கிட்ட நின்னு ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. தீ எந்தப் பக்கம் ஏறியது, எந்த வருடம் எதுவரை வந்தது என்று அவரே சொல்லுவார். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெளிச்சம். வெயில் ஏறிய பிறகு கரியும் நிழலும் ஒரே கறுப்பாகிவிடும். மேகமூட்டமான காலை, முடிந்தால் மழை விட்ட உடனே. காய்ந்த கரி சாம்பல் பூத்து நிற்கும், நனைந்த கரிதான் உண்மையான கறுப்பு. ஆனால் நனைந்தால் கரியும் இலையும் பளபளக்கும். லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற பளபளப்படக்கும் ஃபில்டரைத் திருப்பி, மினுமினுப்பு அடங்கி இலையின் நிறம் மேலே வரும் இடத்தில் நிறுத்துங்கள். முழுக்கத் திருப்பிவிட்டால் ஈரமே தெரியாது, மழைக்குப் பின் போனதற்கு அர்த்தமில்லை.

கரி நிறைந்த ஃபிரேமில் கேமராவின் மீட்டர் ஏமாறும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. கரியையும் அப்படி வெளுத்துவிடும், துளிரின் நிறமும் வெளிறிப்போகும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் 1-இல் வைத்து ஆரம்பித்து, கறுப்பு இடதிலும் வெள்ளை வலதிலுமாக வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். இடது ஓரத்தைத் தொடலாம், சுவரில் மோதி நிற்கக்கூடாது. பட்டையின் வெடிப்பு கறுப்புக்குள்ளும் தெரிய வேண்டும். ஜேபெக்கில் இல்லாமல் RAW கோப்பாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் பூட்டிவிடுங்கள். பச்சை அதிகமான காட்சியில் ஆட்டோ மெஜெண்டா பக்கம் இழுக்கும், செம்புத் துளிரின் நிறம் போய்விடும்.

அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 8 அல்லது எஃப் 11 போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலும் ஆடியிலும் துளிரை ஒரு நிமிடம் சும்மா விடாது. அப்போது ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி ஷட்டரை 1/250-க்குக் கொண்டுவாருங்கள், கொஞ்சம் நாய்ஸ் வந்தால் பரவாயில்லை. காட்டுக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். சாம்பல் தூள் சென்சாரில் ஒட்டினால் ஊதுபந்துக்கு அசையாது.

ஒரே ஒரு படத்தை நான் முழுதாக நம்புவதில்லை. அதே இடத்திலிருந்து சித்திரை, ஆடி, ஐப்பசி மழைக்குப் பின், அடுத்த மாசி என்று எடுத்தால்தான் உண்மை தெரியும். ஜிபிஎஸ் புள்ளி, ட்ரைபாட் உயரம், ஃபோகல் நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிரேமில் நகராத பாறை ஒன்று இருக்கட்டும். ஆடியில் பார்த்த கன்று அடுத்த மாசியில் இருக்கிறதா, இல்லை மறுபடி தீ வந்து தின்றதா? வருடா வருடம் தீ வரும் சரிவில் பெரிய மரங்கள் தாக்குப்பிடித்து நிற்கும், அடுத்த தலைமுறைக் கன்று ஒன்றுகூட மேலே வராது. பட்டை தடித்த முதிய மரங்களும் கீழே வெறும் புல்லுமாக ஒரு காட்சி கிடைத்தால் விடாமல் எடுங்கள். நமது மலைகளைப் பற்றி அதைவிட முக்கியமான படம் எனக்குத் தெரியவில்லை.

எடிட்டிங்கில் பச்சையின் சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். கறுப்பு சரியாக விழுந்தால் பச்சை தானாக எழும். பிரிண்டுக்குப் பருத்தி மேட் பேப்பர்தான் என் விருப்பம். கரியின் சொரசொரப்பு அதில் நிற்கும். ஆனால் மேட் பேப்பரில் கறுப்பின் ஆழம் குறையும் என்பதால், கறுப்பை ஒட்டிய நிழல்களைச் சற்றுத் தூக்கி, சின்ன டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக அடியுங்கள். கீழே குறிப்பில் மலையின் பெயர், தீ வந்த மாதம், படம் எடுத்த மாதம், தெரியும் செடியின் பெயர் நான்கும் இருக்கட்டும். உண்ணி என்றால் உண்ணி என்றே எழுதுங்கள்.