முதல் ட்ரெக்: உயரத்தைப் பார்க்காதீர்கள், ஏற்றத்தைப் பாருங்கள்

கர்நாடகாவின் குமார பர்வதம் 1,712 மீட்டர். மேற்கு வங்கம், நேபாள எல்லையில் உள்ள சந்தக்பூ 3,636 மீட்டர். முதுகில் பையோடு நடக்கப்போகும் புதியவருக்கு இரண்டில் எது? சந்தக்பூதான்.

படி 1: புறப்படும் இடத்தின் உயரத்தைத் தேடுங்கள். குமார பர்வதத்தின் அடிவார ஊரான குக்கே சுப்ரமண்யா சுமார் 120 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து குமார பர்வத உச்சிக்கு 13 கி.மீ.தான், ஆனால் ஏற்றம் 1,600 மீட்டர். சந்தக்பூ நடை தொடங்கும் ஊரான மானேபஞ்சங்கிலிருந்து உச்சிக்கும் கிட்டத்தட்ட அதே 1,600. ஆனால் அது 31 கி.மீ. தூரத்தில், மூன்று நாளில் பரவிக் கிடக்கிறது.

படி 2: நேரக் கணக்கு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி இன்னும் செல்லும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. குமார பர்வதத்துக்கு 2.6 + 2.7, அதாவது ஐந்தேகால் மணிக்கு மேல். இது பழகிய கால்களுக்கு, ஓய்வில்லாமல். புதியவர் ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 8 மணி. இறங்குவது தனி.

பலருக்கும் கணக்கு பிசகுவது இங்கேதான். உச்சியிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் வருவது மொத்த ஏற்றம் அல்ல. சந்தக்பூ பாதையில் டம்லிங் என்ற ஊரைத் தாண்டி, கைரிபாஸ் என்ற ஊருக்குச் சுமார் 300 மீட்டர் இறங்குகிறீர்கள். அதைத் திரும்ப ஏற வேண்டும். கழித்தல் கணக்கில் இது தெரியவே தெரியாது. வரைபடச் செயலியில் பாதையைப் போட்டு, மேடுபள்ளக் கோட்டில் ஏறுமுகத் துண்டுகளை மட்டும் கூட்டுங்கள். நாள்வாரியாகக் கூட்டுவது இன்னும் நல்லது. முதல் ட்ரெக்கில் ஒரு நாளுக்கு 900 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பாதை வேண்டாம் என்பேன்.

படி 3: தூங்கும் உயரம். 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்குள் வித்தியாசம் இருக்கட்டும். சந்தக்பூ பாதையில் இரவு தங்கும் இடங்கள் டம்லிங் 2,900, காளிபோக்ரி சுமார் 3,150, பிறகு சந்தக்பூ: எல்லைக்குள் வருகிறது, ஆனால் ஒட்டி. தலைவலியோடு குமட்டலும் வந்தால் அது உயரம் ஒத்துக்கொள்ளாததன் அறிகுறி; அதற்குமேல் ஏறாதீர்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். சந்தக்பூ வரை ஜீப் சாலை போவது இந்த நேரத்தில்தான் கைகொடுக்கும்.

படி 4: பை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள். 45 கிலோ எடையுள்ளவருக்கு 9 கிலோ, தண்ணீரையும் சேர்த்து. சந்தக்பூ வழியெல்லாம் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரம் வேண்டாம். 40 லிட்டர் பை, இடுப்புப் பட்டையோடு. 60 லிட்டர் வாங்கினால் காலி இடத்தை எதையாவது போட்டு நிரப்புவீர்கள்.

படி 5: ஒத்திகை. அதே பை, அதே ஷூ. பத்து மாடியை இருபது முறை ஏறி இறங்கினால் 600 மீட்டர். மறுநாள் முட்டி வலித்தால், காரணம் பெரும்பாலும் இறக்கம்தான்; நடைக்கோல் இரண்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: தேதி குறிக்கும் முன் பாருங்கள், சந்தக்பூ பாதை கடந்துபோகும் சிங்கலிலா தேசியப் பூங்கா ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மூடியிருக்கும். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். ஒத்திகைக்குத் தமிழ்நாட்டுக் காட்டுப் பாதைகளில் போக நினைப்பவர்கள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு அதற்கென்றே விதிகள் வந்துவிட்டன.