பாலிப் எடுத்த பின் ரத்தக்கசிவு: மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள்

பெருங்குடலின் உட்சுவரில் வளர்ந்திருந்த சிறு சதையை, அதாவது பாலிப்பை, கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் சோதனையில்) எடுத்தாச்சு, அன்று மாலையே வீட்டுக்கும் வந்தாச்சு, இனி பயமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். மின்சூடு கொடுத்து வெட்டிய இடத்தில் ஒரு பொருக்கு கட்டும். சில நாள் கழித்து அது உதிரும்போது அடியில் உள்ள ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம். அதனால் ஐந்தாம் நாளும் ரத்தம் வரலாம், பத்தாம் நாளும் வரலாம். இரண்டு வாரமாவது கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய தவறுகள் நடப்பது மாத்திரையில்தான். "ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "இல்லை, கொழுப்புக்கு ஒரு கேப்ஸ்யூல் மட்டும்" என்று பதில் வரும். அந்த ஒரே கேப்ஸ்யூலுக்குள் கொழுப்பு மருந்தோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்தே இருக்கலாம். வாயால் சொல்வதை விட, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது. மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் உட்பட.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது: யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. பாலிப் எடுப்பதற்கு 5 முதல் 7 நாள் முன்பு குளோபிடோக்ரெலையும், 5 நாள் முன்பு வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இதய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கும் செயற்கை வால்வு உள்ளவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. குடலில் வரும் கசிவைப் பெரும்பாலும் நிறுத்திவிட முடியும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். எந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்பதையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். நினைவாக நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்க மறந்தவருக்குப் பக்கவாதம் வரலாம்.

"சோதனைக்கு வந்ததோடு வந்தாச்சு, பாலிப்பையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். பாலிப் பெரிதாக இருந்து, மாத்திரையும் நிறுத்தாமல் இருந்தால், இன்னொரு நாள் எடுப்பதே பாதுகாப்பு. அதேபோல எல்லாப் பாலிப்புக்கும் க்ளிப் (வெட்டிய இடத்தை இறுக்கி மூடும் சிறு கவ்வி) போடச் சொல்லிக் கேட்பதும் வீண் செலவு. 10 மில்லிமீட்டருக்குக் குறைவானதை இப்போது மின்சூடு இல்லாமல் கம்பிச் சுருக்கால் வெட்டுகிறார்கள்; அதில் பிந்திய கசிவு குறைவு. 20 மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் குடலின் வலப்பக்கம் இருந்தால், க்ளிப் உண்மையிலேயே உதவுகிறது.

அப்புறம், அந்த இரண்டு வாரத்தில் சிலிண்டர் தூக்குவது, ஜிம், மருத்துவமனை கிடைக்காத ஊருக்குப் பயணம் எல்லாம் தள்ளிப்போகட்டும். வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கும், இரும்புச்சத்து மாத்திரையால் கறுக்கும்; அவற்றைக் கொஞ்ச நாள் தவிர்த்தால் குழப்பம் இருக்காது.

முதல் நாள் துடைக்கும்போது லேசாகத் தெரியும் சிவப்புக்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ, திரும்பத் திரும்பப் போனாலோ, தலைசுற்றல், படபடப்பு வந்தாலோ மூலம்தான் என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். தாங்க முடியாத வயிற்றுவலியும் காய்ச்சலும் கூட அவசரம்தான். டிஸ்சார்ஜ் தாளோடு நேரே எமர்ஜென்சிக்குப் போய், பாலிப் எடுத்த தேதியை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வயிற்றைக் கிழிக்காமல், மறுபடி கொலோனோஸ்கோபி வழியாகவே கசிவை நிறுத்திவிடலாம்.