பியானோ கம்பியும் ஆயில் எஞ்சினும்: வீட்டிலேயே சைலன்சர் செய்யலாம்

சேரன்மகாதேவி பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்தில் ஆயில் எஞ்சின் ஓடினால் கிணற்றடியில் நின்று பேச முடியாது, வருஷக்கணக்கில் அதன் பக்கத்திலேயே நின்ற மாமாவுக்கு இப்போது வலது காது மந்தம். அவருக்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். வெல்டிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அளவைச் சொன்னால் பட்டறையில் செய்து தருவார்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. மரப்பெட்டி மேல் ஒரே தடிமனில் இரண்டு கிட்டார் கம்பிகளை இழுத்துக் கட்டி, ஒரே சுருதிக்கு வரும்வரை முறுக்குங்கள். ஒரு கம்பியின் மேல் மடித்த காகிதத் துணுக்கை உட்காரவைத்து, மற்றதை மீட்டுங்கள். தொடாத கம்பியில் காகிதம் நடுங்கி, துள்ளி, கீழே விழும்! சுருதி விலகினால் அசையவே அசையாது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் ஒன்றைத் தட்டினால் பக்கத்துத் தூணும் சேர்ந்து அதிர்வது இதனால்தான். ஜெர்மனியில் ஜூலியஸ் புளூத்னர் 1873இல் பியானோவின் மேல்ஸ்தாயியில் சுத்தியல் தொடாத நாலாவது கம்பியைச் சேர்த்ததும் இதற்காகவே, அது தானாக அதிர்ந்து ஓசையைச் செழிப்பாக்கும்.

ஒத்துப்போகிற அதிர்வு ஓசையைக் கூட்டுகிறது. எதிராகத் திரும்பி வருகிற அதிர்வு அழிக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் (இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகை விடுவது) நொடிக்கு 12.5 தடவை புகையைத் தள்ளும், அதன் மடங்குகளான ஓசைகள்தான் காதை அடைக்கும். குறுகிய குழாயில் வந்த ஓசை அகலமான உருளைக்குள் நுழைந்ததும் ஒரு பங்கு எஞ்சின் பக்கமே திரும்பிவிடும். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சைலன்சருக்கு 1897இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புகைக்குழாய் 2 அங்குலம் என்றால் உருளை 8 அங்குல விட்டம், 48 செ.மீ. நீளம், 3 மி.மீ. இரும்புத் தகடு. வாயின் பரப்பு 16 மடங்கு விரிகிறது. ஜிங்க் பூசிய தகடு வேண்டவே வேண்டாம், வெல்டிங் புகை உடம்புக்குக் கேடு.

அப்புறம், எல்லோரும் கோட்டை விடுகிற இடம். வெறும் உருளையை மாட்டினால் சில சுருதிகள் அப்படியே தப்பிப் போய்விடும். அதனால் உள்ளே வரும் குழாயை உருளைக்குள் பாதி நீளம், அதாவது 24 செ.மீ., நுழைத்துவிடுங்கள். வெளியேறும் குழாயைக் கால்வாசி, 12 செ.மீ. இரண்டு வாய்க்கும் நடுவே 12 செ.மீ. இடைவெளி நிற்கும். தப்பிப்போன சுருதிகளில் பெரும்பாலானவை இதில் மாட்டிக்கொள்ளும். குழாயை எங்கேயும் குறுக்காதீர்கள், புகை தடைபட்டால் எஞ்சின் சூடேறி இழுவை குறையும்.

அடியில் சின்னத் துளை ஒன்று போடுங்கள், உள்ளே சேரும் தண்ணீர் வடியட்டும், இல்லையென்றால் துரு தின்றுவிடும். எடை 10 கிலோவுக்கு மேல் வரும், ஆகவே எஞ்சின் மேலேயே தொங்கவிடாமல் தனித் தாங்கி வையுங்கள். புகைவாய் கண்டிப்பாகக் கொட்டகைக்கு வெளியே, மூடிய அறையில் இந்தப் புகை ஆளைக் கொல்லும்.

எங்கள் எஞ்சினில் மாட்டிய அன்று சாயங்காலம், தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கிணற்றடி வரை கேட்டது.