கல் கட்டிய கயிறு போதாது: நீர்த்தேக்கத்தில் சிறு படகுக்கு நங்கூரம் இடும் முறை

பரிசலுக்கு இந்தக் கவலை இல்லை. கரை சேர்ந்ததும் தூக்கிக் கவிழ்த்துவிடலாம். பதினைந்து, பதினாறு அடி ஃபைபர் படகை அப்படிச் செய்ய முடியாது. மேட்டூர் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கும் நாகமரை, ஒட்டனூர் பக்கம் புதிதாகப் படகு ஓட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் சாக்கில் கல்லைக் கட்டி இறக்குகிறார்கள். 10 கிலோ கருங்கல் தண்ணீருக்குள் ஏறக்குறைய 6 கிலோதான் கனக்கும். ஆடிக் காற்று படகைத் தள்ளினால் அந்தக் கல்லும் கூடவே போகும்.

நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை. அதன் தகடு மண்ணைக் குத்தி உள்ளே புதைவதால்தான் பிடிக்கிறது. இழுப்பு தரையோடு தரையாக இருந்தால் அது புதையும்; மேல்நோக்கி இருந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே சங்கிலி போடுவது இதற்காகத்தான். அது தரையில் படுத்துக் கிடந்து இழுப்பைத் தாழ்த்துகிறது. அடியில் கல் உரசினாலும் கயிறுபோல அறுந்துபோகாது.

முதலில் சாமான்கள். வண்டல் தரைக்குத் தட்டையான அலகு கொண்ட நங்கூரம் நல்லது. நான்கு கொக்கி நங்கூரம் பாறையிலும் மரவேரிலும் மாட்டும், சேற்றில் வழுக்கும். சங்கிலி துத்தநாகப் பூச்சுள்ளதாக, 8 மி.மீ. கனத்தில், குறைந்தது படகின் நீளத்துக்கு இருக்கட்டும். 5 மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ வரும். வளையங்களின் மூட்டு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாடு கட்டும் சங்கிலியில் மூட்டு வெறுமனே மடக்கியிருக்கும்; இழுப்பில் விரிந்துவிடும். கயிறு 12 மி.மீ. நைலான். அது சற்று நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும், தண்ணீரில் மூழ்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ள அது ஒன்றே போதும்.

சங்கிலியை நங்கூரத்தோடு இணைப்பது ஷேக்கிள் என்ற U வடிவ இரும்பு வளையம். அதன் திருகாணியை இறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன், முதல் வருடம். படகு இரவெல்லாம் ஆடியதில் ஆணி மெல்லக் கழன்று, விடிந்து பார்த்தபோது வெறும் சங்கிலிதான் மேலே வந்தது. அதன் பிறகு ஆணியின் கண்ணில் கம்பியை நுழைத்து, ஷேக்கிளின் காலோடு இரண்டு சுற்று முறுக்கிக் கட்டாமல் நங்கூரத்தைத் தொட்டதில்லை. நீங்களும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது படகின் முன்பக்கத் தளத்தில், கயிற்றைக் கட்டுவதற்காக இரண்டு கொம்போடு இருக்கும் கிளீட். படகு முழுவதையும் காற்றில் பிடித்து நிறுத்துவது அந்தச் சிறு இரும்பு. மரத்தில் முடுக்கும் வெறும் திருகாணியில் நின்றால் அது ஒருநாள் தளத்தோடு பெயர்ந்து வரும். தளத்தைத் துளைத்து போல்ட் செலுத்தி, அடியில் உள்ளங்கை அகலத் தகடும் வாஷரும் வைத்து, தானாகக் கழலாத நைலாக் நட் போட்டு முடுக்குங்கள். துளைக்குள் சீலண்ட் நிரப்பினால் மழைநீர் தளத்துக்குள் இறங்காது. மாதம் ஒருமுறை கிளீட்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கயிறு உரசும் விளிம்பில் பழைய தோட்டக் குழாயைக் கீறி மாட்டிவிடலாம்.

இனி எவ்வளவு கயிறு விடுவது? ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை இருக்கும் உயரத்தையும் கூட்டுங்கள். அதைப் போல 5 மடங்கு. காற்று பலமாக இருந்தால் 7 மடங்கு. ஆழம் 20 அடி, முன்முனை 2 அடி என்றால் 110 அடி, காற்றில் 154 அடி. ஒவ்வொரு 20 அடிக்கும் நிறமுள்ள துணியைக் கயிற்றின் முறுக்குக்குள் நுழைத்து வைத்தால் இருட்டிலும் கை எண்ணிக்கொள்ளும்.

அணை நிரம்பினால் 120 அடி என்பது அணைக்கட்டில் அளக்கும் மட்டம். நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் அல்ல. அதைக் கயிற்றில் கல் கட்டி நீங்களேதான் அளக்க வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் ஒரே நாளில் சில அடி ஏறும். மேலே சொன்ன 110 அடி கயிற்றில், தண்ணீர் 10 அடி ஏறிவிட்டால் மூன்றரை மடங்குகூடத் தேறாது. வெள்ள எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றுங்கள்.

இறக்கும் விதம் இது. உயிர்காப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றின் கடைசி முனை படகில் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படகின் முகத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். நங்கூரத்தை வீசாமல், கையால் தரை தொடும்வரை இறக்குங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவோ, சுருளுக்குள் கால் வைக்கவோ வேண்டாம். காற்று படகைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளக் கயிற்றை விட்டுக்கொண்டே வந்து, அளவு வந்ததும் கிளீட்டில் கட்டுங்கள். தூரத்துக் கொம்பின் அடியில் முதலில் கொண்டுபோய் ஒரு முழுச் சுற்று. பிறகு குறுக்காக எட்டுப் போல ஒருமுறை. கடைசியில் கயிற்றை முறுக்கிக் கண்ணியாக்கிக் கொம்பில் மாட்டி இழுங்கள். படகின் பின்பக்கத்தில் மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள். அங்கே பலகை தாழ்வு; அலை நேராக உள்ளே ஏறிவிடும்.

இப்போது இன்ஜினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, விறைத்து நிற்கும் கயிற்றின் மீது உள்ளங்கையை வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு கல்லைப்போல அசையாமல் இருக்கும். இழுபட்டால் மாட்டுவண்டி சரளையில் போவதுபோலக் கடகடவென்று அதிர்வு கைக்கு வரும். கரையில் ஒரு பனையையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். படகு காற்றில் சற்று ஆடும், அது இயல்பு; ஆனால் அந்தக் கோடு விலகிக்கொண்டே போனால் எடுத்து மறுபடி இடுங்கள்.

இந்த நீருக்கென்று தனியாக ஒன்று உண்டு. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது ஊர்களே தண்ணீருக்குள் போயின. மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அப்படிப்பட்ட அடித்தரையில் நங்கூரம் சிக்கினால் மேலிருந்து இழுத்துப் பயனில்லை. நங்கூரத்தின் தலைப்பகுதியில், அலகுகள் சேரும் இடத்தில், ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, ஆழத்தைவிடச் சற்றே நீளம் விட்டு, மறுமுனையில் மூடிய பிளாஸ்டிக் கேனை மிதக்கவிடுங்கள். சிக்கினால் அந்தக் கயிற்றை இழுத்தால் வந்த வழியே பின்னோக்கிக் கழன்று வரும்.

எடுக்கும்போது கையால் படகை இழுக்காதீர்கள். இன்ஜினாலோ துடுப்பாலோ முன்னேறி, கயிறு நேர் செங்குத்தானதும் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்துங்கள். அலையில் படகு எழும்போது நங்கூரம் தானே பெயரும். வண்டலைக் கழுவிவிட்டுச் சங்கிலியை வாளிக்குள் இறக்குங்கள். வருடம் ஒருமுறை சங்கிலியைத் தலைமாற்றிப் போடுங்கள். தேய்மானம் இருபுறமும் பரவும். 8 மி.மீ. வளையம் எங்காவது 7-ஐத் தொட்டுவிட்டால் அந்தச் சங்கிலியை மாற்றிவிடுங்கள்.